பெரிய மருத்துவமனைக்கு மாற்றினால் அப்பாவின் ஆயுள் கூடுமா?

டயாலிசிஸில் இருக்கும் தன் அப்பாவைப் பற்றி ஒரு மகள் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 63. நீரிழிவால் சிறுநீரகங்கள் செயலிழந்து நான்கு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) இருக்கிறது. வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிறிய மையம். 10 மிஷின்கள், சுமார் 30 நோயாளிகள். சிறுநீரக மருத்துவர் வாரம் இரண்டு நாள் வருகிறார். அதிக நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் டயாலிசிஸ் நோயாளிகள் கூடுதல் காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு செய்தியை இவர் படித்திருக்கிறார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. போன வருடம் அந்தச் சிறிய மையத்தில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள் என்பதும் மனதை அரிக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் பெரிய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. ஆனால் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அண்ணன் உடனே மாற்றச் சொல்கிறார். அப்பா மறுக்கிறார். "இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு என் கை தெரியும்மா" என்கிறார். "அப்பாவின் பேச்சைக் கேட்டு அவர் ஆயுளைக் குறைக்கிறேனா டாக்டர்?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அப்பா அந்த மையத்தில் தொடர்வதால் மட்டும் அவர் ஆயுள் குறைகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதற்காக அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்குக் கவலை தருகிறது. அது நோயாளிகளின் எண்ணிக்கை பற்றியதல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தச் செய்தியை எப்படிப் படிப்பது

அதிகம் செய்யும் இடத்தில் நன்றாகச் செய்வார்கள் என்ற எண்ணம் ஆதாரமில்லாதது அல்ல. 1979-லேயே அமெரிக்காவில் சுமார் 1,500 மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சைக் கணக்குகளை ஆராய்ந்து, இதய அறுவை போன்ற சில சிகிச்சைகளில் எண்ணிக்கை கூடக் கூட இறப்பு குறைகிறது என்று கண்டார்கள். 2002-ல் வந்த இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வில், கணையத்தை வெட்டி எடுக்கும் அறுவையில் இறப்பு விகிதம் மிகக் குறைவாகச் செய்யும் மருத்துவமனைகளில் 16.3 சதவீதம், மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் அதே ஆய்வில், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறுவையில் வித்தியாசம் 1.7-க்கும் 1.5-க்கும் இடையில்தான். அதாவது எண்ணிக்கையின் பலன் சிகிச்சைக்குச் சிகிச்சை மாறுகிறது.

டயாலிசிஸ் இதில் எங்கே வருகிறது? இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாரம் மூன்று முறை நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொள்ளும் வழக்கமான ஹீமோடயாலிசிஸ் ஒன்று. வீட்டிலேயே வயிற்றுக் குழாய் வழியாகச் செய்யும் பெரிடோனியல் டயாலிசிஸ் இன்னொன்று. டயாலிசிஸ் நோயாளி மாரடைப்பு, நிமோனியா, எலும்பு முறிவு என்று வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்வது மூன்றாவது. செய்திகளில் இந்த மூன்றும் "டயாலிசிஸ் நோயாளிகள்" என்று ஒரே தலைப்பில் கலந்துவிடும்.

பெரிடோனியல் டயாலிசிஸில் மையத்தின் அனுபவத்துக்கும் பலனுக்கும் தொடர்பு ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. அதிகம் பேருக்குப் பயிற்சி கொடுத்த மையங்களில், அந்த முறை தோற்றுப்போய் மிஷினுக்கு மாற வேண்டிய நிலை குறைவு. மூன்றாவது வகையிலும் அனுபவம் முக்கியம். அதைத் தனியாகச் சொல்கிறேன். அப்பா செய்துகொள்ளும் வழக்கமான ஹீமோடயாலிசிஸில்தான் இந்தத் தொடர்பு பலவீனமாகவும், ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டும் இருக்கிறது.

தொடர்பு தெரிகிற ஆய்வுகளிலும் எது காரணம், எது விளைவு என்று சொல்வது கடினம். தொலைவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வந்துபோக முடிகிறவர் பெரும்பாலும் கொஞ்சம் தெம்புள்ளவர், வீட்டில் துணை உள்ளவர். அப்படிப்பட்டவர்கள் எங்கே இருந்தாலும் கூடுதல் காலம் வாழ வாய்ப்பு அதிகம். இதற்கு நேர் எதிராக, மிகவும் முடியாதவர்களைப் பெரிய இடத்துக்கு அனுப்புவதும் நடக்கிறது. நல்ல பெயர் உள்ள இடத்துக்குக் கூட்டம் தானாகச் சேருவதும் உண்டு; அங்கே கூட்டத்தால் தரம் வந்ததா, தரத்தால் கூட்டம் வந்ததா என்று பிரிக்க முடியாது. இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்க்க ஆய்வாளர்கள் முயல்வார்கள். முழுதாகக் கழித்துவிட முடியாது.

போன வருடம் நான்கு பேர் இறந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 30 பேரில் 4 பேர் என்றால் 13 சதவீதம். கேட்கவே வலிக்கிறது, தெரியும். ஆனால் நீண்டகால டயாலிசிஸில் இருப்பவர்களில் ஆண்டுக்கு 100-க்கு 10 முதல் 20 பேர் இறப்பது உலகின் பல நாடுகளில் காணப்படும் நிலை. அதோடு, எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது சதவீதம் ஏமாற்றும். நான்குக்குப் பதில் இரண்டு பேர் என்றால் 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். ஆறு என்றால் 20. ஒரு வருடக் கணக்கை வைத்து 30 பேர் உள்ள மையத்தை நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதுதான் கேள்வி. ரத்தத்தில் கிருமித் தொற்று அடுத்தடுத்து வந்திருந்தால் அது மையத்தின் பிரச்சினை. மாரடைப்பு, பக்கவாதம் என்றால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எங்கும் உள்ள ஆபத்து அது.

மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்

இதுதான் அந்த வரி. "கூட்டம் கூடியதால் இப்போதெல்லாம் மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள், யூ.ஆர்.ஆர். 72 இருப்பதால் போதும் என்கிறார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். வேறொரு பத்தியில், கடைசி அரை மணியில் அப்பாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது, பிபி இறங்குகிறது, வீட்டுக்கு வந்தால் இரவுவரை படுத்தே கிடக்கிறார் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

யூ.ஆர்.ஆர். என்பது ரத்தத்திலிருந்த யூரியாவில் எத்தனை சதவீதம் வெளியேறியது என்ற கணக்கு. 65-க்குக் குறையக் கூடாது. 72 நல்ல எண்தான். ஆனால் அது கழிவைப் பற்றி மட்டும் சொல்கிறது. உடலில் சேர்ந்த நீரை எவ்வளவு வேகமாக இழுத்தார்கள் என்பதை அது சொல்லாது. அப்பாவின் டிரை வெயிட் (உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை) 60 கிலோ, ஒவ்வொரு முறையும் மூன்றரை கிலோ ஏறி வருகிறார் என்கிறீர்கள். 3,500 மில்லியை மூன்றரை மணி நேரத்தில் எடுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு கிட்டத்தட்ட 16.7 மில்லி. இந்த வேகம் 13-ஐத் தாண்டும்போது இறப்பு அபாயம் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்தக்குழாய்க்குள் திசுக்களிலிருந்து நீர் திரும்பி வரும் வேகத்தைவிட மிஷின் வேகமாக இழுக்கும்போது பிபி விழுகிறது, தசை இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் இதயத்துக்குப் போகிற ரத்தமும் குறைகிறது. இது வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில் நடந்தால் இதயத் தசை நிரந்தரமாகப் பலவீனமாகலாம்.

இதே அப்பா மூன்று கிலோ ஏறி வந்து, முழு நான்கு மணி நேரம் செய்துகொண்டால் வேகம் 12.5-க்கு வந்துவிடும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்: உப்பைக் குறைத்து எடை ஏறுவதைக் கட்டுப்படுத்துவது உங்கள் வீட்டு வேலை, நேரத்தை முழுதாகக் கொடுப்பது மையத்தின் வேலை. "தண்ணீர் குடிக்காதே" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. உப்பு குறைந்தால்தான் தாகம் குறையும். பல நாடுகளில் நடந்த டாப்ஸ் என்ற ஆய்வில் டயாலிசிஸ் நேரம் ஒவ்வொரு அரை மணி நேரம் கூடும்போதும் இறப்பு அபாயம் சுமார் 7 சதவீதம் குறைவாக இருந்தது. அப்பா இழந்திருப்பதும் ஒரு அரை மணி நேரம்தான். அதை நான் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டம் கூடியதால்தான் நேரம் குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரிய மருத்துவமனையிலும் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் காத்திருக்கும் அவசரம் இருக்கத்தான் செய்யும். அங்கே போனால் நான்கு மணி நேரம் கிடைக்குமா என்று யாரும் உங்களுக்கு உறுதி சொல்லவில்லை.

வாரத்துக்கு ஒன்பது மணி நேரப் பயணம்

போக வர மூன்று மணி நேரம், வாரம் மூன்று முறை. அப்பா இப்போது வாரத்துக்கு டயாலிசிஸில் செலவிடும் பத்தரை மணி நேரத்தோடு ஒன்பது மணி நேரப் பயணம் சேர்கிறது. அதே டாப்ஸ் ஆய்வின் கணக்கில், ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்பவர்களின் இறப்பு அபாயம், கால் மணி நேரத்துக்குள் போய்விடுபவர்களைவிட 20 சதவீதம் அதிகமாக இருந்தது. வாழ்க்கைத் தரமும் குறைந்திருந்தது. இதுவும் காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. பெரிய மருத்துவமனை பற்றிய செய்திக்கு நான் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனால் முதலாவதை நம்பி மாறுகிறவர் இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

தூரம் கூடினால் டயாலிசிஸைத் தவறவிடுவதும் கூடும். மழை, உடம்பு முடியவில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மாதம் ஒரு முறை தவறினால்கூட அது லேசான விஷயமல்ல. மாதம் ஒன்று அல்லது அதற்கு மேல் தவறவிட்டவர்களின் இறப்பு அபாயம் 30 சதவீதம் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். வாரம் மூன்று முறை செய்யும்போது ஓரிடத்தில் டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு நாள் இடைவெளி விழும்; அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு கூடுவதை 2011-ல் வெளியான, 32,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வு காட்டியது. எங்கே டயாலிசிஸ் செய்தாலும் சரி, அந்த இடைவெளிக்குப் பிறகு வருவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

"என் கை தெரியும்" என்று அப்பா சொல்வதை அண்ணன் பிடிவாதமாகப் பார்க்கிறார். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஃபிஸ்டுலா எங்கே வளைகிறது, எந்த இடம் வீங்கும், எந்தக் கோணத்தில் ஊசி போக வேண்டும் என்று தெரிந்த டெக்னீஷியன் கிடைப்பது பெரிய விஷயம். நான்கு ஆண்டுகளாக ஒரே ஃபிஸ்டுலா ஓடுகிறது என்றால் அதில் அந்தப் பிள்ளைகளின் கைக்கும் பங்கு உண்டு. ஃபிஸ்டுலா கெட்டுப்போய் கழுத்தில் கதீட்டர் என்ற குழாய் போட வேண்டி வந்தால் தொற்று அபாயம் பல மடங்கு ஏறும்.

மையத்திடம் கேளுங்கள்

மாறலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் இப்போதைய மையத்தைச் சோதித்துப் பாருங்கள். சண்டைக்குப் போகிற தோரணை வேண்டாம். தன் உடலைப் பற்றிய அறிக்கைகளைப் பார்க்கவும் நகல் கேட்கவும் அப்பாவுக்கு உரிமை இருக்கிறது. அவர் சார்பில் நீங்கள் கேட்கலாம்.

• முழு நான்கு மணி நேரம் கிடைக்குமா? மருத்துவர் எழுதிய நேரம் எவ்வளவு, உண்மையில் ஓடிய நேரம் எவ்வளவு? கடந்த ஒரு மாதச் சீட்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மருத்துவர் நான்கு என்று எழுதி மையம் மூன்றரையில் முடித்தால், அதை மருத்துவரிடமே நேராகச் சொல்லுங்கள்.

• டிரை வெயிட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? நான்கு ஆண்டுகளில் உடம்பு இளைத்திருக்கும், சதை போட்டிருக்கும். பழைய எண்ணையே வைத்துக்கொண்டு நீரை எடுத்தால் ஒன்று மூச்சுத் திணறும், இல்லையென்றால் பிபி விழும்.

• தண்ணீர்ப் பரிசோதனை எப்போது நடந்தது? ஒரு முறை டயாலிசிஸ் செய்ய சுமார் 120 லிட்டர் தண்ணீர் வடிகட்டியின் மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்த தண்ணீரால் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிருமிப் பரிசோதனை, எண்டோடாக்சின் (கிருமிகளிலிருந்து வரும் நஞ்சு) பரிசோதனை இரண்டின் தேதியையும் முடிவையும் கேளுங்கள். நல்ல மையம் ஃபைலை எடுத்துக் காட்டும்.

• கடந்த ஆண்டு எத்தனை பேருக்கு ரத்தத்தில் தொற்று வந்தது? பெயர் கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டார்கள், எண்ணிக்கை போதும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மிஷின் இருக்கிறதா, அப்பாவுக்கு அதற்கான தடுப்பூசி போட்டு எதிர்ப்புச் சக்தியைச் சோதித்தார்களா என்பதையும் இதோடு கேளுங்கள்.

• மருத்துவர் வரும் இரண்டு நாட்களில் அப்பாவைப் பார்க்கிறாரா? வார்டு வழியாக நடந்து போவதைச் சொல்லவில்லை. அருகில் வந்து, பிபி பட்டியலைப் பார்த்து, நாலு வார்த்தை பேசுகிறாரா? மருத்துவர் நோயாளியோடு கூடுதல் நேரம் செலவிடும் மையங்களில் இறப்பு குறைவு என்பதையும் டாப்ஸ் ஆய்வு கண்டிருக்கிறது. அப்பாவின் ஷிஃப்ட் மருத்துவர் வராத நாளில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இதே கேள்விகளைப் பெரிய மருத்துவமனையிலும் கேளுங்கள். அங்கே எந்த ஷிஃப்ட் கிடைக்கும் என்பதையும் சேர்த்து. புதிதாகச் சேர்பவருக்கு நள்ளிரவு ஷிஃப்ட்தான் மிஞ்சும் என்றால், ஒன்றரை மணி நேரப் பயணத்தோடு அது என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: இங்கே விட்டுப் போனால் இந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால் இடம் கிடைக்குமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய மருத்துவமனையை எதற்குப் பயன்படுத்துவது

வாரம் மூன்று முறை அங்கே போக வேண்டியதில்லை; ஆனால் அந்த மருத்துவமனை உங்களுக்கு நிச்சயம் வேண்டும். ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டால் அதைத் திறப்பது, புதிதாகப் போடுவது போன்றவற்றை நிறையச் செய்த கையிடம் போங்கள்.

அவசரத்துக்குச் சேர்வதற்கும் அதுபோன்ற இடம்தான் நல்லது. டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்த்துப் பழகாத வார்டில் என்னென்ன நடக்கும் என்று எல்லா சிறுநீரக மருத்துவர்களுக்கும் தெரியும்: ஃபிஸ்டுலா கையில் ரத்தம் எடுப்பார்கள், பிபி பட்டை கட்டுவார்கள், தேவையில்லாமல் சலைன் ஏற்றுவார்கள், சிறுநீரகம் இல்லாதவருக்கு வழக்கமான அளவில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், டயாலிசிஸ் நாள் தள்ளிப்போகும். எண்ணிக்கை உயிர் காக்கிறது என்ற செய்தி பொருந்துவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். எனவே இப்போதே அங்கே ஒரு முறை புறநோயாளியாகக் காட்டி ஒரு ஃபைல் போட்டு வையுங்கள். ஒரு தாளில் டிரை வெயிட், எந்தக் கையில் ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் நாட்கள், மருந்துகள், ஒவ்வாமை, ஹெபடைடிஸ் பரிசோதனை முடிவு, மையத்தின் போன் எண் எல்லாவற்றையும் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று, அம்மாவிடம் ஒன்று.

அப்புறம், மாற்றுச் சிறுநீரகம் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வயதாகிவிட்டது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. 63 வயது மட்டும் அதற்குத் தடை அல்ல. 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களின் நீண்டகால இறப்பு அபாயம், பட்டியலில் காத்திருந்தவர்களைவிட 48 முதல் 82 சதவீதம் வரை குறைவாக இருந்தது. மையத்தை மாற்றுவதால் கிடைக்கும் எந்த லாபமும் இதன் பக்கத்தில் வராது. நீரிழிவு இருப்பதால் இதயத்தை நன்றாகச் சோதிக்க வேண்டும்; முடியாது என்ற பதிலும் வரலாம். ஆனால் கேட்காமலே விட்டுவிடாதீர்கள். அண்ணனுக்கு இருக்கும் வேகத்தை இந்தப் பக்கம் திருப்பினால் நன்றாக இருக்கும்.

முடிவு யாருடையது

அப்பா தெளிவாகப் பேசுகிறார், யோசிக்கிறார். எனவே முடிவு அவருடையது. நீங்களும் அண்ணனும் பேசி முடித்துவிட்டு அவரிடம் அறிவிக்காதீர்கள். மையத்திடம் வாங்கிய பதில்களை அவர் முன்னால் வைத்து மூவரும் அம்மாவும் உட்கார்ந்து பேசுங்கள். என்னைக் கேட்டால், மூன்று மாதம் இங்கேயே தொடரட்டும். அந்த மூன்று மாதத்தில் முழு நேரம் கிடைக்கிறதா, பிபி விழுவது குறைகிறதா, எடை ஏறுவது மூன்று கிலோவுக்குள் நிற்கிறதா, ஹீமோகுளோபினும் பொட்டாசியமும் மருத்துவர் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நேரத்தைக் கூட்ட மையம் மறுத்தால் மாறுவதைத் தயங்காமல் யோசியுங்கள். அப்போதும் ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குப் போகும் முன், அரை மணி நேரத்துக்குள் வேறு மையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில விஷயங்களுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். டயாலிசிஸ் நடக்கும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருவது, அதுவும் ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்கு வருவது. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் காட்டவே மறுப்பது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியோ மருந்துக் குப்பியோ இன்னொருவருக்குப் போவதை நீங்கள் பார்ப்பது. மாதக்கணக்கில் மருத்துவர் எட்டிப் பார்க்காமல் இருப்பது. இவற்றில் ஒன்று நடந்தாலும், அந்த வாரமே வேறு இடம் பாருங்கள். அப்பா மறுத்தால் இந்தக் காரணத்தை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நடுக்கக் காய்ச்சல் வந்த நாளில் மட்டும் வீட்டுக்குத் திரும்பாமல், நேராக அந்தப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போய்விடுங்கள்.